அத்தை மகனின் ஹெட்போன்

எங்கள் வீட்டுக்கு அத்தை மகன் வந்தால் கோழிக்கால் அவனுக்கு. ஃபேனுக்கு நேர்கீழே பாய் அவனுக்கு. தாய்மாமன் வீடென்றால் சும்மாவா என்று அம்மாவே சொல்வாள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வேன். ஏனென்றால் ஒன்று மட்டும் எனக்கே எனக்கென்று இருந்தது. சாப்பிடும்போது அப்பாவுக்கு இடப்பக்கம், ஜன்னலோரம், என் இடம். பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் அங்கே உட்கார்ந்துதான் அப்பாவிடம் அளப்பேன்.

அந்த வருடம் கணபதி விடுமுறைக்கு அவன் புனேயின் அந்தக் கோடி ஹடப்சரிலிருந்து இந்தக் கோடி தேஹு ரோடுக்கு வந்தபோது கழுத்தில் பெரிய ஹெட்போன் ஒன்று தொங்கியது. அவன் அப்பாவுக்கு ஐ.டி. வேலை. என் அப்பா சாகண் தொழிற்பேட்டையில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் நிற்பவர். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இடப்பக்கம் சத்தம் விட்டுவிட்டு வருகிறது என்று அவன் முகத்தைத் தொங்கப் போட்டபோதுதான் கொஞ்சம் குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி நிலைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக்கூட விட்டுவிட்டு அப்பா சால்டரிங் அயர்னோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். என் சைக்கிள் பெல் உடைந்து எத்தனையோ நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கிடைக்காத நேரம் மருமகனுக்குக் கிடைத்துவிட்டது. செருகும் பின்னுக்கு அருகே ஒயரை வெட்டி, உள்ளே தலைமுடி போலிருந்த கம்பிகளின் மேல்பூச்சைத் தீக்குச்சியில் பொசுக்கி, ஈயம் வைத்து ஒட்டினார். அவன் போனில் பாட்டை ஓடவிட்டுக் காதில் மாட்டிப் பார்த்தார். முகம் சுளித்தார். இடப்பக்கம் இன்னும் கம்மியாக வருகிறது என்று மறுபடி பிரித்தார். ஒட்டி முடித்ததும், நான் கேட்டுச் சொல்கிறேன் என்று கையை நீட்டினேன். அவன் பொருள், அவனே சொல்லட்டும் என்றார் அப்பா. அவன் ராஜா மாதிரி மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினான்.

"டீக் ஹை மாமா. ரெண்டு சைடும் சேம்தான் வருது."

அப்பா நம்பவில்லை. மறுபடி ஈயத்தை உருக்கினார். வீடெல்லாம் புகை நாற்றம் என்று அம்மா சமையலறையிலிருந்து புலம்பினாள். மருமகன் மறுபடி மாட்டிப் பார்த்து அதையேதான் சொன்னான்.

அப்போது அப்பா ஒரு வேலை செய்தார். ஹெட்போனை வாங்கி, இடதை வலது காதிலும் வலதை இடது காதிலுமாக மாற்றி மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கழற்றி நேராக மாட்டினார். திரும்பவும் மாற்றினார். மருமகனைச் சிரிக்க வைக்கத்தான் இந்தக் கோமாளித்தனம் என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. எனக்காக ஒரு நாளாவது இப்படிச் செய்திருப்பாரா? அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது, வைத்துக்கொள் என்று அவனிடம் கொடுத்துவிட்டு, சால்டரிங் அயர்ன் ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். வழக்கம்போல நான் ஜன்னலோரம் போனேன். அப்பா தனக்கு வலப்பக்கம் தரையைத் தட்டினார்.

"நீ இந்தப் பக்கம் வாம்மா. அவன் அங்க உக்காரட்டும்."

வலப்பக்கம் சமையலறை வாசல். அம்மா குழம்போடு வரும்போதும் போகும்போதும் என் முதுகில் இடித்தாள். ஜன்னலோரம் அவன் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தான். அன்று எனக்கிருந்த பொறாமையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்துக் கதை எதையும் சொல்லவில்லை. அப்பா இரண்டு தரம் கேட்டும் சொல்லவில்லை.

அவன் ஊருக்குப் போன பிறகும் என் இடம் திரும்பக் கிடைக்கவில்லை. போய் உட்கார்ந்தால், இந்தப் பக்கம் வா என்று அப்பா தரையைத் தட்டுவார். அடுத்த விடுமுறைவரை மருமகனுக்காகக் காலியாக வைத்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

கல்லூரி முடித்த வருடம் அப்பாவைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். இடது காது எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்டார். மருமகனுடைய ஹெட்போனை ரிப்பேர் செய்த அன்றுதான் தெரிந்தது என்றார் அப்பா. எப்படி மாற்றி மாட்டினாலும் அதே காதில்தான் கம்மியாகக் கேட்டதாம். சொன்னால், பிரஸ் மெஷின் சத்தம்தான் காரணமென்று அம்மா வேலையை விடச் சொல்வாள் என்று மூச்சு விடவில்லையாம்.

டாக்டர் எதிரிலும் நான் அவருக்கு வலப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். அன்று தரையைத் தட்டி அவர் என்னைக் கூப்பிட்டது, காது கேட்கிற பக்கத்துக்கு. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஜன்னலோரம் பறிபோய்விட்டது என்பதுதான்.