கணவாய்க்கு ஒரே குதிரை

எங்க சொந்தத்துல எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என் தங்கச்சியைப் பார்த்து நாலு பேராவது உச்சு கொட்டுவாங்க. "பாவம், அவளுக்குன்னு ஒன்னும் அமையலையே"ன்னுவாங்க. நாப்பத்தெட்டு வயசாவுது, கல்யாணம் ஆவல. திண்டிவனத்துல நர்ஸு வேலை. தனி வீடு, தனி ஸ்கூட்டி, தனி சாவி. அவங்க உச்சு கொட்டும்போது நானும் கூட சேர்ந்து மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கினு நிப்பேன். உள்ளுக்குள்ள வயிறு பத்திக்கினு எரியும். இதுல என்னா பாவத்தைக் கண்டீங்க? அந்தச் சாவியை ஒரு வாரம் என்கிட்ட குடுத்துப் பாருங்க, யாரு பாவம்னு தெரியும்.

நான் விழுப்புரத்துல டீச்சர். காலையில அஞ்சு மணிக்கு அடுப்புகிட்ட நின்னா, ஸ்கூலுக்கு ஓடி, திரும்பி வந்து மறுபடியும் அடுப்பு. வீட்டுக்காரரு நல்லவருதான். குடிக்கிறதில்ல, கை நீட்டினதில்ல. ஆனா "என் சட்டை எங்க"ன்னு கேட்காம ஒரு நாளும் வாசப்படி தாண்டினதில்ல. இருபத்தேழு வருஷமா அந்தச் சட்டை அதே பீரோவுலதான் இருக்குது. புருஷன், புள்ளைங்க, வேலை எல்லாம் இருக்கிற ஒருத்தி, ஒன்னுமில்லாதவளைப் பார்த்துப் பொறாமைப்படறேன்னு வெளிய சொல்ல முடியுமா? செருப்பால அடிப்பாங்க.

போன வருஷம் ஒரு நாள் அவ போன் பண்ணா. "அக்கா, ஹிமாச்சல்ல குதிரை மேல ஏறி மலைக்குள்ள ஆறு நாள் போறாங்கக்கா. ரோடே கிடையாது, டென்ட்லதான் தூக்கம். வழிகாட்ட ஆள் கூட வருவாரு. மேல போனா ஒரு கணவாய். அங்க நின்னா ரெண்டு பக்கமும் பனிமலை தெரியுமாம். போட்டோவைப் பார்த்ததுலருந்து மூணு வருஷமா அதே நெனப்பா இருக்கேன். காலாண்டு லீவோட நாலஞ்சு நாளு சேர்த்து லீவு போட்டா போலாம், நீயும் வாயேன்."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. மூணு வருஷமா ஒன்னை நெனைச்சிக்கினு இருக்கிறதுக்கு அவளுக்கு நேரம் இருந்திருக்குது பாரு! முதல்ல வேணாம்னு சொல்லத்தான் வாயைத் தெறந்தேன். அப்புறம் யோசிச்சேன். இவ அங்க குதிரை மேல சிரிச்சிக்கினு போறதை நான் இங்க தோசை சுட்டுக்கினு நெனைச்சி நெனைச்சி எரியறதுக்கு, கூடவே போய் எரியலாம். "சரி, வர்றேன்டி"ன்னேன். வீட்டுக்காரரு பெருமையா எல்லார்கிட்டயும் "நான்தான் அனுப்பறேன்"னு சொல்லிக்கினு திரிஞ்சாரு.

அவ பாண்டி பக்கம் ஒரு எடத்துல ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை போய் குதிரை ஓட்டக் கத்துக்கினா. நான் ரெண்டே வாரம் போனேன். மூணாவது வாரம் மாமியாருக்குக் காய்ச்சல், நாலாவது வாரம் ஒரு காதுகுத்தல். அவ்ளோதான் என் பயிற்சி.

ரயிலு, ரெண்டு பஸ்ஸு, ஒரு ஜீப்புன்னு ஏறி இறங்கி அந்த மலை கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். குதிரைக்காரருக்கு எங்க வயசுதான் இருக்கும், மெலிசான ஆளு, அதிகம் பேச மாட்டாரு. பேசினாலும் ஹிந்தி. தங்கச்சி ஸ்கூல் படிக்கும்போதே ஹிந்தி பரீட்சை எழுதினவ, அவதான் எனக்குச் சொல்லுவா. எங்க ரெண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துட்டு, அவளுக்கு உயரமா, பளபளன்னு ஒரு கருப்புக் குதிரையைக் குடுத்தாரு. எனக்கு வயிறு பெருத்த ஒரு வெள்ளை. அந்தப் பார்வையே எனக்குப் புடிக்கல. மூட்டை முடிச்சுக்கு ஒரு கோவேறு கழுதை, சமைக்க ஒரு ஆளு.

"கருப்புக்கு நெருப்புன்னா பயமாம்க்கா. ஸ்டவ்வு பக்கம் இட்டுக்கினு போவக் கூடாதாம்"னு அவ மொத நாளே எனக்கும் சேர்த்துச் சொன்னா.

முதல் ரெண்டு நாளு நான் பட்ட பாட்டைச் சொன்னா சிரிப்பீங்க. என் வெள்ளை அஞ்சு அடி நடக்கும், நின்னு புல்லு தின்னும், மறுபடியும் அஞ்சு அடி. தொடையெல்லாம் உராஞ்சி தோலு போயிடுச்சு. அவ கருப்பு மேல நேரா உக்காந்துக்கினு, ஆத்தைத் தாண்டி, தேவதாரு மரத்துக்கு நடுவுல போய்க்கினே இருப்பா. ஒரு மேட்டுல நின்னு எனக்காகக் காத்திருப்பா. கிட்ட போனா மூஞ்சி பூரா சிரிப்பு. எனக்கோ எங்க ஊரு வெயிலெல்லாம் வயித்துக்குள்ள புகுந்த மாதிரி இருக்கும்.

"ரொம்பச் சிரிக்காதடி, வாயில பூச்சி பூந்துடும்"னேன். அவ டக்குன்னு வாயை மூடிக்கினு, "எனக்கும் இடுப்பு வலிதான்க்கா"ன்னா. அப்பதான் எனக்குக் கொஞ்சம் மனசு ஆறுச்சு. அதுக்கப்புறம் அவ எதையாவது பார்த்து "ஐயோ, அழகு!"ன்னு ஆரம்பிச்சா, நான் குளிரைப் பத்தியோ காஞ்ச ரொட்டியைப் பத்தியோ ஒரு குறை சொல்லுவேன். அவ அடங்கிடுவா. சாயந்திரத்துல என் தொடைக்குத் தேங்காயெண்ணெய் தடவி விட்டு, ரொட்டி மேல மல்லாட்டைப் பொடி, அதான் வேர்க்கடலைப் பொடி, தூவிக் குடுக்கிறதும் அவதான். அதை நெனைச்சா இன்னும் எரிச்சலா வரும். ஒரு தடவையாவது சண்டை போட மாட்டாளா இவ?

நாலாம் நாளு கணவாய்க்குக் கீழ ஒரு புல்வெளியில டென்ட் போட்டோம். மறுநாள் காலையில மேல போய்ட்டு, உச்சி வெயிலுக்கு அப்புறம் காத்து கெளம்பறதுக்குள்ள இறங்கிடணும். அதுக்கு அடுத்த நாளு ஊரைப் பார்த்து இறக்கம்தான். அன்னிக்கு அவ ரெண்டு வாய்க்கு மேல சாப்பிடல. "நாளைக்குக்கா, நாளைக்கு"ன்னு சொல்லிக்கினே இருந்தா.

மறுநாள் காலையில நான் பையிலருந்து எலுமிச்சம்பழத்தையும் சூடத்தையும் எடுத்தேன். நம்ம ஊருல புது வண்டி எடுத்தாலும் சரி, மலைக்குப் பஸ்ஸு கெளம்பினாலும் சரி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்காம நகர்த்துவோமா? டயருக்குப் பதிலா குளம்பு, அவ்ளோதானே. தங்கச்சி விழுந்து விழுந்து சிரிச்சா. குதிரைக்காரரு சாமி விஷயம்னு புரிஞ்சிக்கினு கையெடுத்துக் கும்பிட்டாரு. வெள்ளைக்கு முன்னாடி வச்ச பழத்தை அது மோந்து பார்த்து, லபக்குனு கடிச்சி, உதட்டைச் சுருட்டிக்கினு துப்புச்சு. நான்கூடச் சிரிச்சிட்டேன்.

அப்புறம் அவ ஷூ போட டென்ட் பக்கம் போய்ட்டா. குதிரைக்காரரு திரும்பி நின்னு கழுதை மேல கயிறு கட்டிக்கினு இருந்தாரு. நான் டிபன் பாக்ஸ் மூடியில சூடத்தை வச்சிப் பத்த வச்சேன். வெள்ளைக்கு மூணு சுத்து சுத்தினேன், அது அசையல. கருப்புக்குத் திரும்பினேன்.

நெருப்புன்னா அதுக்குப் பயம்னு எனக்கு ஞாபகம் இருந்துச்சு. மறந்துட்டேன்னு அப்புறம் எல்லார்கிட்டயும் சொன்னேன். மறக்கல. நல்லா எரியற சூடத்தைக் கையில வச்சிக்கினு, அது மூஞ்சிக்கு நேரா நின்னப்பவே ஞாபகம் வந்துடுச்சு. கையை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. பஸ்ஸு கண்ணாடிக்குக் காட்டற மாதிரி ஒரு சுத்து சுத்தினேன்.

ரெண்டு காலையும் தூக்கினு நின்னுச்சு பாருங்க, என் உசுரே போயிடுச்சு. முளைக்குச்சியைப் புடுங்கினு, கல்லும் தண்ணியுமா இருக்கிற ஓடையில இறங்கி ஓடுச்சு. குதிரைக்காரரு கத்திக்கினே பின்னாடி ஓடினாரு. ஒரு மணி நேரம் கழிச்சிப் புடிச்சிக்கினு வந்தாரு. முன்னங்கால் நொண்டுச்சு. தங்கச்சி ஓடிப் போய் உக்காந்து அந்தக் காலைத் தடவிப் பார்த்தா.

"பழக்க தோஷம்டி, மறந்தே போய்ட்டேன்"னேன்.

"பரவால்லக்கா"ன்னா. என் மூஞ்சைப் பார்க்கல.

குதிரைக்காரரு அவகிட்ட என்னவோ சொன்னாரு. அவர் கை முதல்ல வெள்ளையைக் காட்டுச்சு, அப்புறம் அவளைக் காட்டுச்சு, அப்புறம் கணவாயைக் காட்டுச்சு. எனக்கு ஹிந்தி தெரியாட்டி என்ன, கை தெரியாதா? அவ ஏதோ பதில் சொன்னா. அவரு தலையை ஆட்டினாரு. அவ மறுபடியும் சொல்லிட்டு என் பக்கம் திரும்பினா.

"ஒரே குதிரைதான் இருக்குதுக்கா. கழுதை மேல ஆளை ஏத்த மாட்டாராம், நாம நடந்தா நேரம் பத்தாதாம். ஒருத்தருதான் போவ முடியும். நீ போய்ட்டு வா. நான் இதுக்குக் கட்டு போட்டுட்டு இருக்கேன். ஜல்தியா கெளம்பு, காத்து வந்துடும்."

"போடி, இது உன் ஆசை, நீ போ"ன்னு நான் சொல்லியிருக்கணும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டு வெள்ளை மேல ஏறினேன்.

மேல போவ ரெண்டரை மணி நேரம் ஆச்சு. அவரு முன்னாடி கயித்தைப் புடிச்சிக்கினு நடந்தாரு. கணவாய்ல கல்லு குமிச்சி, கலர் கலரா துணி கட்டியிருந்தாங்க. ரெண்டு பக்கமும் பனிமலை. அப்படியொரு அழகை நான் பார்த்ததில்ல, பொய் சொல்ல மாட்டேன். ஆனா நான் முதல்ல தேடினது மலையை இல்ல. கீழ டென்ட் தெரியுதான்னு பார்த்தேன். சின்னதா, மஞ்சளா தெரிஞ்சுது. அவ அங்க, நான் இங்க. பொறந்ததுலருந்து முதல் தடவையா அவகிட்ட இல்லாத ஒன்னு என்கிட்ட இருக்குது. அந்தச் சந்தோஷம் நீடிச்சிருந்தாலாவது பரவால்ல. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட நிக்கல. போட்டோ எடுக்கச் சொன்னேன். எடுத்துட்டு போனை என் கையில திணிச்சாரு.

இறங்கி வந்ததும் அவ ஓடி வந்து கயித்தைப் புடிச்சிக்கினா. "எப்டிக்கா இருந்துச்சு? சொல்லுக்கா."

"அப்படியொன்னும் இல்லடி. வெறும் கல்லு, காத்து"ன்னேன்.

அவ ஏங்கிடக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்னு கொஞ்ச நாளு எனக்கே நான் சொல்லிக்கினு இருந்தேன். அட, சும்மா இரு! பார்த்ததை வாயால சொல்லிப் பங்கு குடுக்கக்கூட எனக்கு மனசு வரல, அதான் உண்மை.

ஊருக்கு வந்ததும் கணவாய்ல நான் நிக்கிற போட்டோ சொந்தக்காரங்க குரூப்பு பூரா சுத்துச்சு. வீட்டுக்காரரு அதை பிரேம் போட்டு ஹால்ல மாட்டினாரு. "எங்க அக்கா தைரியம் யாருக்கு வரும்"னு அவளே ஒரு வளைகாப்புல எல்லாருக்கும் சொன்னா. பக்கத்துல இருந்தவங்க என்னைப் பார்த்து வாயைப் பொளந்தாங்க, அவளைப் பார்த்து உச்சு கொட்டினாங்க.

இந்த வருஷம் காலாண்டு லீவு விட்ட அன்னிக்கு, சும்மா பார்த்துட்டு வரலாம்னு பஸ்ஸு ஏறி திண்டிவனம் போனேன். கதவைத் தெறந்தா ஹால் நடுவுல பெரிய பை. பக்கத்துல ரைடிங் ஷூ.

"எங்கடி கெளம்பிட்ட?"

"அங்கதான்க்கா. நாளைக்குக் காலையில ரயிலு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? நானும் கூட நாலஞ்சு நாளு லீவு போட்டிருப்பேனே!" "சூடம் காட்டினதுக்குக் கோவமா? அன்னிக்கே சொன்னேனே, மறந்துட்டேன்னு."

அவ ஒரு ஸ்வெட்டரை மடிச்சிக்கினே சொன்னா. "நீ மறக்கலன்னு தெரியும்க்கா. டென்ட் வாசல்ல இருந்து பார்த்துக்கினுதான் இருந்தேன். அதுக்கு இல்ல."

"அப்புறம் எதுக்குடி?"

"நீ பக்கத்துல இருந்தா, நான் சந்தோஷமா இருக்கிறதை மறைச்சிக்கணும்க்கா. சின்ன வயசுலருந்து பழகிடுச்சு, தரையில இருக்கும்போது சமாளிச்சிடறேன். குதிரை மேல உக்காந்துக்கினு முடியல."

குரல்ல கோவமே இல்ல. பீபி எவ்ளோன்னு நோயாளிகிட்ட சொல்ற மாதிரி சொன்னா. திட்டியிருந்தா திருப்பித் திட்டியிருப்பேன்.

ஸ்வெட்டரை உள்ள வச்சிட்டு அவ ஜிப்பை இழுத்தா. பை பிதுங்கிக்கினு இருந்துச்சு, பாதியில மாட்டிக்கிச்சு. நான் தரையில முட்டி போட்டு ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சேன். அவ மூடிட்டா.