நாலு கால் விரால்

அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சபையில் அவரவர் விளைச்சலில் முதலாவதைக் கொண்டுபோய்ப் பீடத்தில் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதெல்லாம் ஏலம் போகும். என் மனைவி அதுவரை கொண்டுபோனது ஊரார் காட்டில் களை எடுத்துக் கூலியாக வாங்கிய கம்பும் மல்லியும்தான். திருச்சுழிக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கர் கரிசல் எங்களுக்கென்று அமைந்த வருடம், இந்தத் தடவை சொந்தக் காட்டில் விளைந்ததைத்தான் வைப்பேன் என்று சபைப் பெண்களிடம் சொல்லிவிட்டாள். காட்டுப்பன்றிகளுக்கு இந்த விஷயம் தெரியாது. மக்காச்சோளம் பால் பிடிக்கும் சமயம் பார்த்து வந்து, ஒரு தட்டை விடாமல் சாய்த்துவிட்டுப் போயின.

மிச்சம் இருந்தது அரசாங்கத் திட்டத்தில் வெட்டிய பண்ணைக்குட்டை. கார்த்திகை மழையில் அது நிறைந்த ஒரு வாரத்தில், ஓரமெல்லாம் கறுப்புக் குஞ்சுகள் நெளிந்தன. மீன் என்றேன். எல்லாரும் குஞ்சு வாங்கித்தானே விடுகிறார்கள் என்று அவள் சந்தேகப்பட்டாள். கண்மாயில் எவன் வாங்கி விட்டான், தண்ணீர் வந்தால் மீன் வரும் என்று அடித்துச் சொன்னேன். கண்மாய்க்கு ஆற்றுத் தண்ணீர் வருகிறது, எங்கள் குட்டைக்கு வானம் மட்டும்தான் என்பது என் மூளைக்கு எட்டவில்லை. தலைப்பிரட்டையைப் பார்க்காதவனில்லை நான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அவள் தினமும் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டாள். நான் மில் ஷிப்ட் முடிந்து வந்து, கரையில் நின்றபடி இது கெண்டை, அது விரால் என்று இனம் பிரித்தேன்.

மார்கழியில், பண்ணைக்குட்டைகளில் என்னென்ன தவளைகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க ஒரு கல்லூரி டீச்சர் வீரசோழன் போகும் பஸ்ஸில் வந்து இறங்கினார். எங்கள் குட்டையில் மீன்தான் இருக்கிறது என்று பெருமையாக அவரை அனுப்பப் பார்த்தேன். அவர் வலைபோட்டு அள்ளிய என் விராலுக்கு நாலு கால் இருந்தது.

மொத்தம் நாலு வகை என்று எழுதிக்கொண்டார். தண்ணீர்மேல் தத்தித் தத்தி ஓடுவது ஒன்று. மாங்காய்ப் பருமனில் ஒரு பெருந்தவளை. கோடை முழுக்க மண்ணுக்குள் புதைந்து கிடந்து மழைக்கு மேலே வருவது இன்னொன்று. அப்புறம் சொறித்தவளை. இத்தனை கொழுத்த குஞ்சுகளை வேறெங்கும் பார்த்ததில்லை என்று பாராட்டவும் செய்தார். எல்லாம் புண்ணாக்கின் மகிமை.

டீச்சர் போனதும் மனைவி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கரையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கடையில் ஒரு பூசணிக்காய் வாங்கி வைத்துவிடலாம், கர்த்தர் வந்து விசாரிக்கவா போகிறார் என்று சமாதானம் சொன்னேன். அதற்குத்தான் திட்டினாள்.

தை மாதம் பண்டிகையன்று விடிந்ததும் குட்டையில் இறங்கி, வேட்டித் துணியில் வடிகட்டி ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டாள். பீடத்தில் பூசணி, சுரைக்காய், மிளகாய் வத்தல், கால் கட்டிய சேவல். நடுவில் கலங்கலாக ஒரு குடம். பின்னால் யாரோ சிரித்தார்கள். பைபிளில் எகிப்துக்கு வந்த தவளை வாதை ஞாபகத்துக்கு வந்து, குடத்திலிருந்து எதுவும் குதித்துவிடக் கூடாதே என்று அன்று மனமுருக ஜெபித்தேன்.

ஏலத்தில் குடத்தின் முறை வந்தது. போதகர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது யாரு காட்டுத் தண்ணிம்மா?"

அவள் எழுந்து நின்றாள். "எங்க காட்டுதுங்கய்யா."

குரல் கடைசி வரிசைவரை கேட்டது. வேறு யாரும் வாய் திறக்குமுன் நான் கையைத் தூக்கிவிட்டேன். எங்கள் காட்டுத் தண்ணீரை இன்னொருத்தன் தூக்கிக்கொண்டு போக எனக்குச் சம்மதமில்லை.