தண்ணீர் தொடாத மருந்து

ஊரில் யாரிடமும் நான் இதை முழுதாகச் சொன்னதில்லை. வயலுக்கு மருந்து அடிக்கப் போன என் வீட்டுக்காரர், டப்பாவைத் திறக்கும்போது எண்ணெய் மருந்தை மார்பில் கொட்டிக்கொண்டார். காவிரித் தண்ணீர் எதையும் கழுவிவிடும் என்று நம்புகிறவள் நான். வாய்க்கால் கரையில் உட்காரவைத்து, ஈசனை வேண்டியபடி குடம் குடமாக ஊற்றினேன். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. வாடை போகவில்லை.

பிளஸ் ஒன் படிக்கும் மகள் சோப்போடு ஓடிவந்தாள். "வெறும் தண்ணி போதாதும்மா!"

"பாடத்தை இங்க வந்து ஒப்பிக்காத. சாமி தண்ணிடி இது."

"எந்தத் தண்ணியும் அப்படித்தாம்மா. தண்ணியில ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கமே இழுத்துக்கும், அது முனைவுள்ள பிணைப்பு. எண்ணெயில கார்பனும் ஹைட்ரஜனும் ஏறக்குறைய சமமாப் பங்கு வச்சுக்கும், அது முனைவற்றது. ரெண்டும் சேராது. சோப்புதான் ரெண்டையும் பிடிக்கும்."

அவளைத் தள்ளிவிட்டு இன்னும் ஐந்து குடம் ஊற்றினேன். "ஏன்டி இருட்டுது?" என்றார் அவர். உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் வாயில் எச்சில் வழிந்தது. கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது. சோப்பைப் பிடுங்கித் தேய்த்தேன். அப்போதுதான் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி இறங்கியது.

மருத்துவமனையில் நாலு நாள் கழித்துத்தான் எழுந்து உட்கார்ந்தார். ஈசன் காப்பாற்றினான் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் அவன் முதலிலேயே என் மகள் வாயால் பேசினான், நான்தான் கேட்கவில்லை. இப்போதும் அவர் திருநீறு எடுக்கும்போது விரல் நடுங்கிப் பாதி கீழே சிந்துகிறது. தினமும் அதைத் துடைப்பவள் நான்.