ஜெபராஜின் முகம் ஏன் சிவந்தது?

போன ஞாயிறு, மில்லர்புரத்தில் என் நண்பன் ஜெபராஜுக்கு நினைவு ஜெபக்கூட்டம். முடிந்து செருப்பு மாட்டும்போது, அவனோடு துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் என் காதோரம் சொன்னார்... "நல்ல மனுசன் சார். குடிதான் கொண்டு போயிட்டு."

தூக்கிவாரிப் போட்டது. ஜெபராஜ் ஒரு சொட்டு குடித்ததில்லை!

அவரிடம் விவரம் சொன்னேன். நம்பினாரா, தெரியாது. உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

ஜெபராஜ் கிளியரிங் ஏஜென்ட்; துறைமுகத்துக்கு வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் வேலை. ஐந்து வருடத்துக்கு முன், திடீர் திடீரென்று அவன் முகம் சிவக்க ஆரம்பித்தது. கழுத்துவரை செக்கச்செவேலென்று ஏறும். பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். கூடவே வயிற்றுப்போக்கு. ஒரு டாக்டர் அலர்ஜி என்றார். இன்னொருவர் டென்ஷன் என்றார். எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? "காலையிலேயே ஏத்திட்டு வாரான்" என்றது. மனைவி குளோரி அவன் பையைத் துழாவினாள். நான் மட்டும் ஒழுங்கா? டீக்கடையில் ஒருநாள், பேசுகிற சாக்கில் அவன் வாயருகே குனிந்தேன்.

"என்னலே... மோந்து பாக்கியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால், டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மூன்று வருடம் இப்படியே ஓடியது. கடைசியில் திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மா. அவர் கண்ணெதிரிலேயே முகம் சிவந்தது.

"சிவக்கும்போது வேர்க்குதா?"

"இல்ல டாக்டர்."

டென்ஷனில் சிவந்தால் வேர்க்கும்; வேர்க்காமல் சிவந்ததுதான் அவரை யோசிக்க வைத்தது. ஒரு முழு நாள் சிறுநீரைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லிப் பரிசோதித்தார். பிறகு ஸ்கேன். சிறுகுடலில் நியூரோ எண்டோகிரைன் கட்டி — அபூர்வமான புற்றுநோய். சத்தமில்லாமல் மெதுவாக வளரும். ஹார்மோனைக் கண்டபடி ரத்தத்தில் கொட்டும். முகச்சிவப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் அதன் வேலை. கண்டுபிடிப்பதற்குள் கல்லீரலுக்கும் பரவிவிட்டது.

ரிப்போர்ட்டோடு என் வீட்டுக்கு வந்தான்.

"ஏலே, கேன்சராம். இனியாவது நான் குடிக்கலன்னு நம்புவாவல்லா?"

கேன்சர் என்று தெரிந்து நிம்மதிப்பட்ட மனிதனை அன்றுதான் பார்த்தேன். என்னால் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மாதா மாதம் ஊசி போட்டார்கள். சிவப்பு குறைந்தது. இரண்டு வருடம் இருந்தான்.

ஞாயிறன்று நான் கிளம்பும்போது குளோரி வாசல்வரை வந்தாள்.

"அண்ணே, அவுக சத்தியம் பண்ணும்போது நான் நம்பல. பேப்பரக் காட்டுன பொறவுதான் நம்புனேன். அதுக்கு ஒருநாளும் என்னைய ஏசல. ஏசிருந்தா நல்லாருந்திருக்கும்..."

நோய்க்குப் பேர் வைக்க டாக்டர்களுக்கு மூன்று வருடம் ஆனது. ஜெபராஜுக்குப் பேர் வைக்க எங்களுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.