கீழே ஆள் இல்லாத கிரேன்

"இத்த தூக்கிரு மாமு. வேற எதுனா போடு."

செல்போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலாலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் சின்னப்பையன். திரையைச் சட்டை நுனியால் துடைத்தார். துடைப்பதற்கு முன் ஒரு ஊது, துடைத்த பின் ஒரு ஊது. வாரத்துக்கு ஒரு முறையாவது இது நடக்கும். ஒரு கேமை நீக்குவது பெரிய வித்தை அல்ல, அவருக்கே தெரியும். ஆனால் நீக்குவதற்கு முன்னால் அதன் குறைகளை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். தண்டையார்பேட்டையில் அந்த யாராவது நான்தான்.

எனக்கு செல்போன் ரிப்பேர் கடை. கேம் என்றாலே எனக்கு ஆகாது. பேட்டரி உப்பிப்போய், திரை செத்துப்போய் வருகிறவர்களில் பாதிப் பேர் கேம் ஆடிக் கெடுத்தவர்கள்தான். சொன்னால் கேட்பார்களா? அடுத்த மாதம் அதே கோளாறோடு வந்து நிற்பார்கள். இவரை மட்டும் அப்படித் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

பெயர்தான் சின்னப்பையன், வயது நாற்பத்திரண்டு. குட்டையான, கட்டுமஸ்தான உடம்பு. சட்டையில் எங்கே தொட்டாலும் துருவின் செம்மண் நிறம். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லை. மிச்சமுள்ள மூன்று விரல்களால் திரையை அவர் அழுத்துவதில்லை, குத்துவார். அதனால் அவர் போனின் டெம்பர் கிளாஸ் எப்போதும் வலது ஓரத்தில்தான் விரியும். அந்த ஒரு கிளாஸை மட்டும் நான் மாதத்துக்கு இரண்டு முறை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் முறை அவர் கடைக்கு வந்தது கையில் கட்டோடு. போன் திறக்கவில்லை என்றார். ரேகை வைத்துத் திறக்கிற போன். "ரேகை கீற வெரலு ஆஸ்பத்திரில பூட்ச்சி நைனா" என்றார், ஏதோ சாவியைப் பஸ்ஸில் தொலைத்தவர் மாதிரி. சரி, புள்ளிகளை இணைத்துக் கோடு போடுகிற பேட்டர்ன் இருக்குமே, அதைப் போடுங்கள் என்றேன். இடது கையால் நாலைந்து தடவை போட்டுப் பார்த்தார். எதுவும் சரியாக வரவில்லை. "அது கைக்குத்தான் தெரியும். மண்டைக்குத் தெரியாது" என்றார். வேறு வழியில்லாமல் உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துத்தான் திறந்து கொடுத்தேன். புதிய போன் போல வெறுமையாக அது விழித்ததும் அவர் கேட்ட முதல் விஷயம்: "கை பழகறதுக்கு எதுனா கேம் கீதா?"

கார் ரேஸ்தான் முதலில் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாளே திரும்பி வந்தார்.

"இன்னா ரோடு மாமு இது? ஒரு பள்ளம் கெடையாது. ஒரு மாடு குறுக்க வர்ல. எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் வண்டி வரிசையா நின்னுகினு கீதே, அந்த மாதிரி ஒரு அரை மணி நேரம் நிக்க வெச்சி அப்பால வுட்டான்னா, அவன் கேம் செய்றவன். இவன் டபாய்க்கிறான்."

அடுத்தது துப்பாக்கிச் சண்டை. நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதித்து, ஒருவரை ஒருவர் சுட்டுத் தீர்த்து, கடைசியில் ஒருவன் மிஞ்சுகிற ஆட்டம். சின்னப்பையன் துப்பாக்கியையே எடுக்கவில்லை. நேராக ஒரு குடோனுக்குள் போய், அடுக்கிய பெட்டிகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டார். அப்படியே கடைசிப் பத்துப் பேரில் ஒருவராக வந்துவிட்டார் என்பதைப் பெருமையாகச் சொன்னார். ஆனாலும் அந்த ஆட்டம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"சுட்டா ஆள் வுழறான். பொணம் கெடையாது, ஒரு பொட்டிதான் கீது. அத்த தெறந்து சாமான எட்த்துகினு போய்னே கீறானுங்க. சாவுல கொஞ்சம் கூட கலீஜே இல்ல மாமு. யாரு கய்வுறது, யாரு தூக்கறது, ஒண்ணுமே கெடையாது."

பயிர் வளர்க்கிற கேமை அவர் மனைவி ராஜாத்திதான் கேட்டாளாம். விதை போட்டு, தண்ணீர் விட்டு, அறுத்து, கோழிக்குத் தீனி வைத்து, கடிகாரம் மாதிரி எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதில் ஒரு நாள் மழை பெய்தது. பயிர் எல்லாம் மடமடவென்று வளர்ந்தது. சின்னப்பையன் அன்றே கொண்டுவந்துவிட்டார். அவருக்கு சடையங்குப்பத்தில் வீடு. அங்கே ஒரு மழைக்குக் கட்டில் கால் முழுகும், இரண்டாவது மழைக்கு கேஸ் அடுப்பைப் பரணில் ஏற்ற வேண்டும். "மய பெஞ்சா சந்தோசமா பாட்டு போட்றான் சார் இதுல. எங்க வூட்டாண்ட வந்து போடச் சொல்லு" என்றார். கோபம் வந்தால் அவருக்கு நான் சார் ஆகிவிடுவேன்.

அவருடைய பழக்கங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். சத்தத்தைக் குறைத்து அவர் ஆடியதே இல்லை. கடையில் நாலு பேர் நின்றாலும் முழுச் சத்தம்தான். "சத்தம் கேக்காம மெஷின் ஓட்டக் கூடாது. லோடு ஏறிச்சா இல்லயான்னு காதுதான் சொல்லும்" என்பார். இன்னொன்று, ஆரம்பத்தில் எங்கே தொட வேண்டும் என்று காட்டுவதற்கு ஒரு வெள்ளைக் கை வருமே, அதைத் தாண்டிப் போக மாட்டார். கடைசி வரை பார்ப்பார். ஒரு நாள் என் பக்கம் போனைத் திருப்பி, "அஞ்சி வெரலும் கீது பாத்தியா?" என்றார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் சுடலைராஜ் அண்ணாச்சியின் யார்டில் பதினெட்டு வருடம் செயின் மாட்டுகிற வேலை அவருக்கு. இரும்புத் தகட்டுக் கட்டைச் சுற்றிச் செயினைப் போட்டு, கிரேன் கொக்கியில் மாட்டி, மேலே இருக்கிற டிரைவருக்குக் கை காட்டுவது. மாட்டியதும் கையை எடுத்துவிட்டு நாலடி தள்ளி நிற்க வேண்டும் என்றுதான் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறது. யாரும் எடுப்பதில்லை. செயின் இறுகுகிற கடைசி நொடி வரை அதன்மேல் கையை வைத்துப் பிடித்திருப்பார்கள். பிடிக்காவிட்டால் செயின் வழுக்கி, தகடு சரிந்து, மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். லாரிகள் காத்து நிற்கிற இடத்தில் யார் மறுபடி கட்டுவது? எப்போது கையை எடுக்க வேண்டும் என்பது பிடித்திருப்பவனின் கணக்கு. பதினெட்டு வருடம் தப்பாத கணக்கு சென்ற தை மாதம் ஒரு நாள் அரை நொடி தப்பியது.

"முப்பிடாதி மேல தப்பு இல்ல மாமு. நான் கை காட்னேன், அவன் தூக்னான். நான்தான் எட்க்கல" என்பார். முப்பிடாதி அன்று கிரேன் ஓட்டியவர். அதன் பிறகு அவரால் அந்த சீட்டில் உட்கார முடியவில்லை. ஒரு வாரம் வந்து பார்த்துவிட்டு, ஊருக்குப் போகிறேன் என்று தென்காசிப் பக்கம் போனவர் திரும்பவே இல்லை.

சின்னப்பையனை அண்ணாச்சி கேட்டில் உட்கார வைத்தார், வருகிற வண்டி நம்பரை இடது கையால் எழுதச் சொல்லி. ஆடி மாதம் கேட்டுக்கு கேமரா வந்தது. வண்டி நம்பரை அதுவே படித்து வைத்துக்கொள்கிறது. கேமராவுக்குக் கீழே ஒரு ஆள் எதற்கு என்று யாரும் இன்னும் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான். கிரேன் சீட்டு காலியாகவே இருந்தது. வாடகைக்கு டிரைவரைக் கூப்பிட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னப்பையன் போய் நேராகக் கேட்டுவிட்டார். இளவட்டத்தில் கிரேன் ஓட்டிப் பழகி எடுத்த லைசென்ஸ் அவரிடம் இருந்தது. அண்ணாச்சி அவர் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாராம். "ஆயுத பூசை கழியட்டும்டே. கை நிக்குதான்னு ஒரு நாள் ஓட்டிப் பாப்போம். நின்னா சீட்டு ஒனக்கு. நிக்கலன்னா நாம அப்புறம் பேசிக்கிடுவோம்" என்றாராம். அந்த அப்புறத்தில் என்ன பேசுவார் என்று இருவருக்கும் தெரியும்.

அந்த சீட்டை மனதில் வைத்துத்தான் முதலிலிருந்தே இந்தக் கேம் எல்லாம். எனக்கே இது தெரிய ஆறு மாதம் ஆனது.

கிரேன் கேம் என்று ஒன்று இருப்பதை நான்தான் தேடிப் பிடித்தேன். துறைமுகத்தில் கன்டெய்னரைத் தூக்கிக் கப்பலில் வைக்கிற ஆட்டம். திரையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு லீவர். சின்னப்பையன் ஸ்டூலில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, மூன்று விரலையும் ஒன்றாகச் சேர்த்து லீவரை நகர்த்திய விதத்தைப் பார்த்து எனக்கே ஒரு நம்பிக்கை வந்தது. பத்து நாளில் எல்லாக் கட்டத்தையும் முடித்துவிட்டார். ஆனால் வாயால் பாராட்டவில்லை.

"காத்தே அடிக்கல மாமு. கடலாண்ட கீது, காத்தே இல்லயாம். லோடு ஆடவே இல்ல. ஆடாத லோடை என் பொண்டாட்டி கூட தூக்குவா."

தேடித் தேடி வேறொன்று போட்டேன். கட்டடம் கட்டுகிற இடம். இதில் லோடு ஆடியது, கயிறு முறுக்கியது, அவசரப்பட்டால் கிரேனே சாய்ந்தது. ஒரு மாதம் அதையே ஆடினார். சாப்பாட்டு நேரத்தில் ஆடினார், கேட்டில் ஆடினார், என் கடையில் வந்து ஆடினார். விரல்கள் வீங்கியிருக்கும். ஐஸ் வைத்துக்கொண்டு ஆடுவார். கேம் உலகத்தில் ஒருவன் மட்டும் யோக்கியன் என்று அதைச் செய்தவனை மெச்சினார். பிறகு ஒரு நாள் மத்தியானம், ஆடிக்கொண்டிருந்தவர் பட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தார்.

கீழே மஞ்சள் ஹெல்மெட் போட்ட குட்டி குட்டி ஆட்கள் நடந்துகொண்டிருப்பார்கள். அவர் இறக்கிய இரும்பு உத்தரம் ஒருவன் மேல் இறங்கியிருக்கிறது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. உத்தரம் அவனுக்குள் புகுந்து தரையைத் தொட்டது. அவன் பாட்டுக்கு நடந்து போனான்.

"ஆளுக்குள்ள பூந்து போவுது மாமு" என்றார். "எனக்கு மார்க்கு வேற குட்த்துட்டான்."

நீக்கிவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பூசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கீழே யாரும் இல்லாத மாதிரி நினைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார்.

"நீதான கேம லோடு பண்ணிக் குட்த்த, வந்து பாரு" என்று, பூசை கழிந்து யார்டில் ஓட்டிப் பார்க்கிற அன்று கூப்பிட்டார். கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். காலை பத்து மணி. பூசைக்கு அப்பிய சந்தனம் கிரேனின் நெற்றியில் காய்ந்திருந்தது. லாரிகள் இரண்டு நின்றன. செயின் போட ஜெரி வந்தான். முப்பது வயது இருக்கும், சின்னப்பையனிடம்தான் தொழில் பழகியவன். அவசரத்துக்குக் கிரேனும் ஓட்டுவான், லைசென்ஸ்தான் கிடையாது.

முதல் மூன்று லோடும் கம்பிக் கட்டு. நடுவில் கட்டி வருவதால் யாரும் பிடிக்கத் தேவையில்லை. சின்னப்பையன் தூக்கினார், திருப்பினார், லாரியில் சத்தமில்லாமல் வைத்தார். "பரவால்லியேடே" என்று அண்ணாச்சி வாய்விட்டே சொன்னார்.

நாலாவது தகடு. ஜெரி செயினைச் சுற்றினான், கொக்கியில் மாட்டினான், வலது கையால் செயினைப் பிடித்துக்கொண்டு, இடது கையை உயர்த்தி விரலைச் சுழற்றினான். எஞ்சின் உறுமியது. கொக்கி அசையவில்லை.

"ஜெரி, கைய எட்றா."

"நீ தூக்குண்ணா. நான் எட்த்துக்கிறேன்."

"நீ எடு, அப்பால தூக்கறேன்."

ஜெரி எடுத்தான். செயின் இறுகியது, வழுக்கியது, தகடு சரிந்து பெரும் சத்தத்தோடு விழுந்தது. மறுபடி கட்டினான். மறுபடி சரிந்தது. மூன்றாம் முறை ஜெரி எதுவும் கேட்காமல் செயினைப் பிடித்துக்கொண்டான். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். லீவர்மேல் மூன்று விரல்கள் இருந்தன. அவை நடுங்கவில்லை. அதை நான் அடித்துச் சொல்வேன். இழுக்கவில்லை, அவ்வளவுதான்.

"என்னலே, கை நிக்கலியா?" என்றார் அண்ணாச்சி.

"கை நிக்கிது அண்ணாச்சி. அவன் கை கீழ கீது."

"எல்லாவனும் அப்படித்தானடே பிடிக்கான். முப்பிடாதி தூக்கலியா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட பிறகு அவரே தரையைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "லாரி நிக்கி பாரு. எறங்குடே. ஜெரி, நீ ஏறு."

அண்ணாச்சி மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. அதைவிட சின்னப்பையன் மேல் வந்தது. ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு இழுத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இதை எழுதும்போதும் கூசுகிறது.

அவர் இறங்கினார். ஜெரி அவர் முகத்தைப் பார்க்காமல் மேலே ஏறி உட்கார்ந்தான். இப்போது தகட்டின் பக்கத்தில் ஆள் இல்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சின்னப்பையன் கேட் இருக்கிற திசையில் இரண்டு எட்டு வைத்தார், நின்றார், திரும்பி வந்தார். குனிந்து செயினைத் தகட்டின் நடுவுக்குத் தள்ளினார். மூன்று விரல்களையும் அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜெரியை நிமிர்ந்து பார்த்து, இடது கை ஆள்காட்டி விரலை உயர்த்திச் சுழற்றினார்.