சாரலில் நடந்த செய்முறைத் தேர்வு

எங்கள் சமுதாயக் கல்லூரிக்கு இன்று இலஞ்சியில் சொந்தக் கட்டடம் இருக்கிறது. ஆனால் அது பிறந்தது குற்றாலத்தில், ஒரு லாட்ஜின் மாடியில். தொடங்கியவர் நிர்மலாதேவி. வீரகேரளம்புதூர்க்காரர், போலீஸ்காரர் மகள். கொச்சியில் ஓட்டல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், பள்ளியோடு படிப்பை நிறுத்திய பெண்களைத் தேடிப் பிடித்து விடுதிப் பராமரிப்பு கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். "மெத்தை விரிக்கதுக்கு ஒரு காலேஜாக்கும்?" என்று உறவுக்காரர்களே கேலி செய்தார்களாம். பி.காம். முடித்துவிட்டு இங்கே கணக்கு சொல்லிக்கொடுக்க வந்த புதிதில் நானும் மனதுக்குள் அதையேதான் கேட்டேன்.

லாட்ஜ்காரர் பாண்டியராஜ் மாடியைக் கொடுத்தபோது வைத்த நிபந்தனை ஒன்றுதான்: சாரல் விழுந்தால் காலி செய்துவிட வேண்டும். சீசனில் அறைக்கு அறை ஆள் வரும். அதனால் கல்லூரி செப்டம்பரில் திறந்து மே கடைசியில் தேர்வோடு மூடியது. ஊரெல்லாம் கல்லூரிகள் திறக்கும்போது எங்களுடையது மூட்டை கட்டும்.

இரண்டாம் வருடம் மே மாதமே சாரல் வந்துவிட்டது. பள்ளி விடுமுறை வேறு. அருவியில் தண்ணீர் விழுந்த மறுநாளே பாண்டியராஜ் மாடியேறி வந்துவிட்டார். செய்முறைத் தேர்வு அந்த வாரக் கடைசியில். நடத்த இடமில்லையென்றால் கல்லூரியின் அங்கீகாரம் போய்விடும், படித்த பெண்களுக்குச் சான்றிதழும் கிடையாது. நிர்மலாதேவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"டீச்சர், நான் லாட்ஜு வச்சிருக்கேன், பள்ளிக்கூடம் வைக்கல" என்றார் பாண்டியராஜ்.

தென்காசி முழுக்க இடம் தேடியும் பயனில்லை. மண்டபங்களில் முகூர்த்தம், பள்ளிகளில் கட்டில் கிடையாது. மறுநாள் காலையில் நிர்மலாதேவியே பாண்டியராஜிடம் போனார்.

"ரூம எல்லாம் ஆளுகளுக்கே விடுங்க அண்ணாச்சி. அவிய இருக்கும்போதே நாங்க பரீட்சைய நடத்திக்கிடுதோம்."

எண்ணெய் தேய்த்துக் குளிக்க வருகிறவர்கள் விரிப்பையெல்லாம் நாசமாக்குகிறார்கள் என்று சீசன் முழுக்கப் புலம்புகிறவர் பாண்டியராஜ். தேர்வுக்காகப் பெண்களே அறையைத் துடைத்து விரிப்பை மாற்றிவிடுவார்கள், ஒரு நாளாவது அந்தத் தொல்லை இல்லை என்றதும் தலையாட்டிவிட்டார்.

திருநெல்வேலியிலிருந்து தேர்வாளராக வந்த பெர்சிஸ், அறைகளில் ஆள் இருப்பதைப் பார்த்துத் திகைத்தார். அறை காலியாக இருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லையே என்று நிர்மலாதேவி சொன்னதும் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

முத்துசெல்வி என்ற மாணவிக்கு வாய்த்த அறையில், புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, கட்டில் நடுவில் சம்மணம் போட்டிருந்தார். எண்ணெய் ஊற வேண்டும், எழுந்திருக்க மாட்டேன் என்றார். அவள் கெஞ்சியும் அசையவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. தேர்வு என்பதால் வாசலில் நின்ற நிர்மலாதேவி வாய் திறக்கக் கூடாது; நகத்தைக் கடித்தார். முத்துசெல்வி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஒரு பஸ்ஸு ஆளுவ இப்பதான் குளிச்சிட்டுத் திரும்புதாவ. அடுத்த பஸ்ஸு வாரதுக்குள்ள போனா அருவி உங்களுக்குத்தான்."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியே விட்டார்.

விரிப்பு மாறி, தரையில் சிந்திய எண்ணெய் போய், அறை பளிச்சென்று ஆனது. ஆனாலும் விருந்தினரை வெளியே அனுப்பியதற்காகப் பெர்சிஸ் மதிப்பெண்ணைக் குறைக்கப் போனார். மூலையில் தலை உலர்த்திக்கொண்டிருந்த வியாபாரியின் மனைவி வடிவம்மாள் விடவில்லை.

"கொறைக்கியளா? கல்யாணமான நாள்லருந்து இந்த மனுசன கட்டில்லருந்து எழுப்ப என்னால முடியல. இவ நொடியில எழுப்பிட்டா. இதுக்குல்லா நீங்க மார்க்கு போடணும்."

பெர்சிஸ் சிரித்துவிட்டார். குறைக்கவில்லை.

எல்லோரும் தேறினார்கள், அங்கீகாரமும் நிலைத்தது. சீசன் முடியும்வரை பெண்களைச் சம்பளத்துக்கு அனுப்ப முடியுமா என்று பாண்டியராஜ் அன்று சாயங்காலமே கேட்டார். நிர்மலாதேவி பதிலுக்கு வருடம் முழுக்க வகுப்பு நடத்த ஒரு கூடம் கேட்டு வாங்கினார். அந்த ஜூனில் கல்லூரி மூடவில்லை. அடுத்தடுத்து சமையல், தையல் படிப்புகளும் வந்தன. இலஞ்சிக்குப் போன பிறகும் விடுதிப் பராமரிப்புத் தேர்வு மட்டும் அந்த லாட்ஜில்தான், ஆட்கள் தங்கியிருக்கும்போதுதான்.

போன மே மாதம் நானும் மேற்பார்வைக்குப் போனேன். எனக்கு இப்படி ஒரு தேர்வு வைத்திருந்தால் பட்டம் வாங்கியிருப்பேனா என்று யோசித்தபடி தாழ்வாரத்தில் நின்றேன். "சும்மா நிக்காதீங்க தம்பி" என்று நிர்மலாதேவி ஓர் அறையைக் காட்டினார். உள்ளே மூன்று குழந்தைகள் கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தார்கள். இறக்கிவிடப் போன என்னையும் மேலே ஏறச் சொன்னார்கள்.