பின்சீட்டில் ஒரு மணல் வாளி

அந்தக் காரின் பேட்டரி வெடிக்கும் என்றுதான் நான் முதலில் நம்பினேன். சும்மா புஸ்ஸென்று அல்ல. மச்சானையும் என்னையும் தூக்கிக்கொண்டுபோய்க் கயத்தாறு தாண்டி ஏதாவது ஒரு பருத்திக்காட்டில் போடுகிற அளவுக்கு வெடிக்கும் என்று நம்பினேன். நம்பினதோடு நின்றிருந்தால் பேட்டரி இன்னும் கொஞ்ச நாள் பிழைத்திருக்கும்.

அது பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடுகிற ஹைபிரிட் கார். பழசாகத்தான் வாங்கினேன், மச்சானுக்காக. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் இரண்டு தடவை கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு டயாலிசிஸ். போகும்போது உட்கார்ந்து வருவார். திரும்பும்போது ரத்த அழுத்தம் இறங்கி, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி பின்சீட்டில் கிடப்பார். பஸ் ஆகாது. வாடகைக் காரில் வாந்தி எடுத்தார். அதன்பிறகு அந்த டிரைவர் என் போனை எடுப்பதில்லை. குலுக்காத, உறுமாத வண்டியாக ஒன்று வேண்டியிருந்தது.

ஆவணி வெயிலில் ஒருநாள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னால் ஏதோ காற்றாடி 'உர்'ரென்று சுற்றியது. பேட்டரி இருப்பது பின்சீட்டுக்குப் பின்னால். அதற்கும் மச்சானின் முதுகுக்கும் நடுவில் ஒரு சீட் மெத்தைதான்.

எங்கள் ஊர்க்காரனுக்கு எது சூடானாலும் ஒரே வைத்தியம்தான் தெரியும். நான் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவன். தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் பெயர். அங்கே சுவரெல்லாம் சிவப்பு பெயின்ட் அடித்த வாளிகளில் மணல் தொங்கும். எங்காவது லேசாகப் புகைந்தால் யாரும் யோசிப்பதில்லை, கை தானாக வாளிக்குப் போகும். என் கையும் போயிற்று. பழைய சிநேகிதத்தில் ஒரு வாளியைக் கேட்டு வாங்கி வந்து, பின்சீட்டு ஓரத்தில் வைத்து, சாயாமலிருக்கத் துண்டால் இறுக்கிக் கட்டினேன்.

மச்சான் கதவைத் திறந்து பார்த்தார்.

"என்ன வேய் இது?"

"மணல், மச்சான்."

"கண்ணு இன்னும் தெரியுது எனக்கு. என்னத்துக்குன்னு கேட்டேன்."

"ஒரு பாதுகாப்புக்கு."

"வாய்க்கரிசி எங்க? அதையும் டிக்கில வச்சிருக்கீரா?"

என் மனைவி அவருடைய தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தாள். நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்னபடி அளந்து ஊற்றிய தண்ணீர். "ரெண்டு பேரும் பேசுத பேச்சா இது? பாத்துப் போயிட்டு வாங்க."

அன்றிலிருந்து நான் ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியில் வாளியைப் பார்த்ததுதான் அதிகம். வேகத்தடை வந்தால் மணல் சிந்தும். கொஞ்சத் தூரத்துக்கு ஒருதரம் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி புறங்கையால் சீட்டைத் தொட்டுப் பார்ப்பேன். திறந்த கதவு வழியே கரிசல் தூசி மொத்தமும் உள்ளே குடியேறும்.

"மச்சான், தீயுத வாடை எதும் வருதா?"

"என் வாடைதான் வருது. பேசாம ஓட்டும்."

அது வேடிக்கைக்குச் சொன்னது இல்லை. அந்த நோய்க்கு ஒரு வாடை உண்டு. வண்டிக்குள் எப்போதும் இருக்கும். நான் கண்ணாடியை இறக்கினால் அவருக்குப் புரிந்துவிடும் என்று இறக்காமலே ஓட்டினேன்.

அப்புறம் ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து வருகிற வழியில் வண்டி இழுக்க மறுத்துவிட்டது. மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி ஊர்கிறது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துத் திட்டின. மச்சான் கண்ணை மூடிக் கிடந்தார். உதடு வெளுத்திருந்தது. இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசல்தான், ஒதுங்க ஒரு மரம் இல்லை. "மச்சான், மச்சான்" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் அவர் கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "இருக்கேன் வேய். ஏலம் போடாதீரும்."

அடுத்த தடவை, அவரை ஆஸ்பத்திரியில் விடுவதற்கு முன்பே வண்டியைத் திருநெல்வேலி ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். அங்கிருந்த பையன் வாளியை அவிழ்த்து இறக்கினான். அதற்குப் பின்னால், சீட்டின் பக்கவாட்டில், சின்னதாக ஒரு வலை. பேட்டரியைக் குளிரவைக்கக் காற்று இழுக்கிற வழி. அதை வாளியால் அடைத்து, மணலையும் ஊட்டியிருந்தேன். அவன் காற்றாடியைக் கழற்றித் தட்டினான். அரைப்படி கொட்டியது.

"சார், பீச்சுக்கு அடிக்கடி போவீங்களா?"

ஊரில் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவன் நான். "காத்துல வந்திருக்கும்" என்றேன்.

நாற்காலியில் சாய்ந்திருந்த மச்சான் சொன்னார்: "ஆமா தம்பி. காத்த வாளியில கட்டிக் கொண்டாந்தாரு எங்க மாப்ள."

சுத்தம் பண்ணிப் பூட்டியபின் பையன் விவரம் சொன்னான். பேட்டரி ஏற்கெனவே வயசானது. சூட்டில் உள்ளே சில செல்கள் போய்விட்டன. இப்படியே கொஞ்ச நாள் ஓடும், என்றைக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது.

"வெடிக்குமா?"

"வெடிக்காது சார். சும்மா நின்னுரும். மாத்துறதுதான் நல்லது. புதுசு போட்டா எட்டு வருஷம் வாரண்டி."

எட்டு வருஷம் என்றதும் நானும் மச்சானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. விலையைச் சொன்னான், அதற்கு இன்னொரு பழைய காரே வாங்கலாம். டாக்டர் முந்தின மாதம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதயம் தாங்காது, மாற்றுச் சிறுநீரகம் பற்றி நினைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மச்சானிடம் நான் சொல்லவில்லை. அந்த விலையையும் இனி மச்சான் வரப்போகிற தடவைகளையும் வைத்து என் புத்தி ஒரு கணக்குப் போடத் தொடங்கியது. வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது எனக்குத் தெரியவில்லை.

"என்ன வேய், வகுத்தல் கணக்கா? மீதி எதும் வருதா?"

"இல்ல மச்சான், சும்மா..."

"மாத்தாதீரும். எட்டு வருஷத்த வச்சு நான் என்ன செய்ய? அதுவும் நானும் இருக்க மட்டும் இழுத்துக்கிட்டுக் கெடக்கோம்."

நான் இறங்கிப் போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் திரும்பும்போது விளக்கு எரியவில்லை. வண்டி நன்றாகவே ஓடியது. மாற்ற வேண்டாம், மச்சானே சொல்லிவிட்டார் என்று மனசுக்குள் முடித்தும் விட்டேன். கண்ணாடியில் பார்த்தால், மச்சான் படுக்கவில்லை. கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை. கழுத்து ஒரு பக்கம் துவண்டு விழும், தூக்கி நிறுத்துவார், மறுபடி விழும்.

"படுங்க மச்சான்."

"இருக்கட்டும்."

"ஏன், என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. படுத்துட்டேன்னா வண்டி நின்னா சட்டுன்னு எந்திரிச்சு எறங்க வராது. உமக்குத்தான் செரமம்."

வீடு வரைக்கும் அப்படியேதான் வந்தார்.

மறுநாள் காலை ஒர்க்‌ஷாப்புக்குப் போன் பண்ணி பேட்டரிக்குச் சொன்னேன். புரட்டாசியில் மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் திரும்பி வருகிற வழியெல்லாம் மச்சான் படுத்துத் தூங்கினார். மார்கழியில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பேட்டரி நன்றாக இருக்கிறது.